பேர் தங்காத பிள்ளை

வைலானித் துறையில் இசிட்ரோவுக்கும் காத்தாயிக்கும் பிறந்த பெண்குழந்தைக்கு எந்தப் பேர் வைத்தாலும் அது பொழுது சாய்வதற்குள் அவளை விட்டு நழுவிப் போனது. போனது காணாமலும் போகவில்லை, ஊரில் அதுவரை பேரில்லாமல் கிடந்த ஏதாவது ஒன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டு அங்கேயே குடியிருந்தது. இதைப் பார்த்து ஊர்க்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், பிறகு தலையைச் சொறிந்தார்கள், அதற்கப்புறம், வெளியே போகும்போது குடை எடுத்துக்கொள்வதுபோல, இதையும் மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டார்கள்.

வைலானி ஹவாய்த் தீவுகளில் ஒன்றின் ஈரமான பக்கத்தில் இருந்தது. பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் ஒரு மாதா கோயில், ஒரு மளிகைக் கடை, ஓடைமேல் ஆடுகிற ஒரு மரப்பாலம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த ஹவாய்க் குடும்பங்களோடு, கரும்பு வெட்ட வந்து திரும்பிப் போக மறந்தவர்களும் கப்பலிலிருந்து குதித்துவிட்டு எங்கே குதித்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் கலந்திருந்தார்கள். காத்தாயி பினாங்கில் பிறந்த நாகப்பட்டினத்துக் குடும்பத்துப் பெண். ஒரு துரை வீட்டுக் குழந்தைகளுக்கு ஆயாவாகக் கப்பல் ஏறி வந்தவள், துரை வீடு அடுத்த ஊருக்குக் கிளம்பியபோது, படகுத் தச்சன் இசிட்ரோ லியோங்கோவைப் பார்த்துவிட்டதால் கிளம்பாமல் இருந்துவிட்டாள். இசிட்ரோ மணிலாக்காரன், தகாலோக் பேசுகிறவன், ஆனால் அவனுடைய அப்பா வழியில் ஹொக்கியன் சீனமும் தெரியும். காத்தாயிக்குப் பினாங்குத் தெருவில் கற்ற ஹொக்கியன் தண்ணீர்பட்ட பாடு. ஆகவே தமிழச்சியும் தகாலோக்காரனும் ஹொக்கியனில் காதலித்து, ஹொக்கியனில் சண்டை போட்டு, ஹவாய்க்காரி மாலியே ஆன்டியின் நிலத்தில் ஒரு பலகை வீடு கட்டிக்கொண்டு, ஹொக்கியனிலேயே ஒரு குழந்தைக்குக் காத்திருந்தார்கள்.

குழந்தை பிறந்ததும் மாதா கோயிலில் அவளுக்கு பசிலியா என்று இசிட்ரோவின் அம்மா பேரை வைத்தார்கள். ஞானத்தகப்பன் செவெரினோ, இசிட்ரோவின் கூட்டாளி, மீன்பிடிக்கிறவன், குழந்தையைக் கையில் வாங்கி முத்தமிட்டான். மத்தியானம் விருந்து. சாயங்காலம் பால் கொடுக்கப்போன காத்தாயி, பேரைச் சொல்லிக் கொஞ்சலாம் என்று வாயைத் திறந்தாள். பேர் வாய்க்குள்தான் இருந்தது, ஆனால் குழந்தையின் பக்கம் திரும்ப மறுத்தது. அதே நேரத்தில் கரையில் நின்றிருந்த செவெரினோ, "பசிலியா, நல்ல பேர்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன வாய் மூடுவதற்குள், அவன் இன்னும் பேர் வைத்திராத புதுப் படகு, கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு, மணலில் அடிவயிறு உரச, கன்றுக்குட்டிபோல நகர்ந்து அவன் காலடியில் வந்து நின்றது.

"பாரே, உன் பொண்ணு பேர் என் படகுக்கு வந்துடுச்சு" என்று மறுநாள், பிள்ளையின் தகப்பனை ஞானத்தகப்பன் கூப்பிடும் முறையில், அவன் இசிட்ரோவிடம் சொன்னான், தவறுதலாக வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவனைப்போல வெட்கத்தோடு. "திருப்பிக் கொடுக்கலாம்னு எவ்வளவோ பார்த்தேன். போகமாட்டேங்குது."

அடுத்த முயற்சி மளிகைக் கடைக்கார ஆ சேக்குடையது. ஆ சேக் என்றால் ஹொக்கியனில் சித்தப்பா. ஊருக்கே அவர் சித்தப்பாதான். முழுப்பேர் தான் ஹோக் செங். தான் என்பது குடும்பப் பேர். "எங்க வழக்கத்துல குடும்பம் முன்னால நடக்கும், ஆள் பின்னால வருவான்" என்பார் அவர். தன் குடும்பப் பேர் தமிழில் என்ன அர்த்தம் தருகிறது என்று காத்தாயி சொல்லக் கேட்டதிலிருந்து, கதவைத் தட்டும்போது உள்ளிருந்து யாராவது யாரென்று கேட்டால், "தான்!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அவர் யோசித்து யோசித்து, கியோக்லான் என்று ஒரு பூவின் பேரைக் குழந்தைக்கு வைத்தார். அந்தப் பேர் மாலைக்குள் மரப்பாலத்துக்குப் போய்விட்டது. அதுவரை ஆளைக் கண்டாலே ஆடிக்கொண்டிருந்த பாலம், "கியோக்லான், வரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கால் வைத்தால் கல்போல அசையாமல் நின்றது. கேட்காமல் போனவர்களை ஓடையில் தள்ளிவிட்டது. பாதிரியாரே பாலத்துக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

அப்புறம் மாலியே ஆன்டி வந்தாள். பெரிய உடம்பு, மெதுவான நடை, நிலத்துக்காரி. ஹவாய்க் குடும்பங்களில் பேர் என்பது நிலம்போலச் சொத்து, கண்டவருக்குக் கொடுக்கமாட்டார்கள். குழந்தைக்கு உரிய பேர் கனவில் வந்து சொல்லும். வந்த பேரை வைக்காவிட்டால் குழந்தை துவண்டு போகும் என்று நம்பினார்கள். மாலியேயின் பேரும் அவளுடைய அம்மாவுக்குக் கனவில் வந்ததுதான். முழுதாகச் சொன்னால், கடல்மேல் இருக்கும் அமைதி என்று பொருள். இந்தக் குழந்தைக்காக அவள் ஒவ்வொரு நாளும் கனவுக்குக் காத்துப் படுத்தாள், கனவில் வந்தவர்கள் மீனைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசினார்களே தவிரப் பேர் எதுவும் சொல்லவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இறந்துபோன தன் அம்மாவின் பேரையே எடுத்துக்கொண்டு வந்தாள்.

"லேயிலேஹுவா" என்று குழந்தையின் நெற்றியில் உதட்டை வைத்துச் சொன்னாள். "இதுக்கு மேல கொடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல, காகாயி." ஹவாய்ப் பேச்சில் 'த' கிடையாது, ஆகவே அவள் வாயில் காத்தாயி காகாயிதான்.

அந்தப் பேர் போய் மலையிலிருந்து மத்தியானத்தில் இறங்குகிற மெல்லிய மழைமேல் உட்கார்ந்துகொண்டது. மாலியே ஆன்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் தோட்டத்தில் தனியாக நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, "லேயிலேஹுவா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மழை வந்து அவள் தலையையும் தோளையும் நனைத்தது, அவளை மட்டும். அதிலிருந்து தினமும் கொஞ்ச நேரம் அவள் அம்மாவில் நனைந்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒருநாள் காத்தாயி, ஆ சேக், மாலியே மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அழகான பேரா வச்சா ஆசைப்பட்டு எடுத்துக்குதுங்க" என்றாள் காத்தாயி. "எங்கப்பா பேர் பிச்சை. அவருக்கு முன்னால பிறந்ததெல்லாம் தங்கல. அதனால அவரைக் குப்பைமேட்டுல போட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துட்டு வந்து எங்க அப்பாயிக்குப் பிச்சையாக் கொடுத்தாளாம்."

"எங்க ஊர்ல பன்னிக்குட்டின்னு வைப்போம்" என்றார் ஆ சேக். "பேய் வந்து கேட்டா, அட பன்னிதானேன்னு போயிடும்."

"எங்ககிட்டயும் உண்டே!" என்றாள் மாலியே. "புபுகா. அவலட்சணம்னு அர்த்தம். என் மாமா ஒருத்தருக்கு வச்சாங்க. ஊரிலேயே அழகன் அவர்தான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை கடல் தள்ளியிருந்த மூன்று ஊரும் ஒரே பேயை ஒரே மாதிரி ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கின்றன என்பது அவர்களுக்கு ஏதோ தைரியம் கொடுத்தது. அன்றைக்கே குழந்தைக்குக் குப்பாயி என்று பேர் வைத்தார்கள். அது சாயங்காலம் செவெரினோ வீட்டுப் பன்றிக்குப் போனது. பேர் சொன்னதும் திரும்பிப் பார்க்கிற பன்றியை எப்படி அறுப்பது? கிறிஸ்துமஸுக்கென்று வளர்த்த குப்பாயி கிழவியாகும்வரை ஊர் சுற்றியது.

செல்லப்பேர்களும் தங்கவில்லை. கண்ணு என்றால் பூனை திரும்பியது. தங்கம் என்றால் அடுப்பில் நெருப்பு நிமிர்ந்தது. இப்படிப் பேர் வந்து உட்கார்ந்த பொருள்கள் எல்லாம் தங்களை யாரோ கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்ததுபோல நன்றாக வேலை செய்யத் தொடங்கின. செய்தி மலையைத் தாண்டியது. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காய்க்காத ஈரப்பலா வைத்திருந்தவள் வந்தாள், தண்ணீர் ஊறாத கிணறு வைத்திருந்தவன் வந்தான், ஒவ்வொருவரும் ஒரு பேரைக் கொண்டுவந்து குழந்தையின் காதில் சொல்லிவிட்டு, அது தங்கள் வீட்டுப் பொருளுக்கு வந்து சேரும் என்று நம்பிக்கையோடு போனார்கள். பெரும்பாலும் வந்தும் சேர்ந்தது. போகும்போது ஒரு கூடை சேப்பங்கிழங்கோ ஒரு மீனோ வைத்துவிட்டுப் போவார்கள். வந்தவர்களை எப்படி வேண்டாம் என்பது என்று காத்தாயியும் தடுக்காமல் விட்டாள்.

பிள்ளை வளர்ந்தாள். கருத்த சுருட்டை முடி, நீண்ட கண், வாய் ஓயாத பேச்சு. அம்மாவிடம் தமிழ், அப்பாவிடம் ஹொக்கியன், மற்றவர்களிடம் எல்லாவற்றையும் கலந்து. ஒரு நாள் வாசலில் அவள் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் யாரோ பாலத்தைப் பேர்சொல்லிக் கூப்பிட்டார்கள், இந்தப் பக்கம் யாரோ படகைக் கூப்பிட்டார்கள். இரண்டும் அவளுக்கென்று ஆசையாகத் தேடிய பேர்கள். அவள் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி சிப்பியிடம் குனிந்துகொண்டாள்.

"யாரும்மா கூப்பிடுறது?" என்று காத்தாயி சும்மா கேட்டாள்.

"என்னை இல்லம்மா. வேற யாரையோ."

அவள் அழவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வெயிலடிக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அன்றைக்கு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஆள், ஓடாத தண்ணீர் எஞ்சினுக்காக ஒரு பேரோடு வந்து நின்றபோது, காத்தாயி வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"இனிமே யாரும் என் பிள்ளைக்குப் பேர் வைக்க வரவேணாம். கிழங்கை எடுத்துட்டுப் போங்க."

அந்த ஆள் போனதும் இசிட்ரோ பட்டறையிலிருந்து வந்தான். "இன்னும் ஒரே ஒரு பேர் பார்ப்போம் காத்தா. மணிலாவுக்கு எழுதிக் கேட்கிறேன். எது தங்கும்னு யாருக்குத் தெரியும்?"

"தங்காது. ஒட்டி ஒட்டிப் பார்க்க அவ என்ன சுவரா?"

"பள்ளிக்கூடத்துல என்னன்னு கூப்பிடுவாங்க? நாளைக்கு நாம இல்லேன்னா அவளை யார் என்னன்னு கூப்பிடுவாங்க?" என்றான். உளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். இருவரும் அன்று ஹொக்கியனிலும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வி அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பிள்ளை கொய்யாப் பழம் பறிக்க வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறியவள், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம், அதிலிருந்து அதற்கடுத்த மரம் என்று போய்க்கொண்டே இருந்தாள். மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. சில நாள் அப்படி இறங்கும், பால் பொங்கி வழிகிற மாதிரி, நீட்டிய கை தெரியாமல். காத்தாயி துணியை எடுக்கப் பின்கட்டுக்கு வந்தாள். முற்றத்தில் பிள்ளை இல்லை. மேட்டில் மரமும் இல்லை, மேடும் இல்லை, வெள்ளைதான் இருந்தது.

ஊர் முழுக்க மேலே ஏறியது. மேட்டுக்கு அப்பால் ஒரு பள்ளம் உண்டு, பனைமர ஆழம், விளிம்பெல்லாம் பெரணிச் செடி மூடி, தரைபோலவே தெரியும். பள்ளத்தின் இந்தக் கரையில் வந்து எல்லோரும் நின்றார்கள். மாலியே ஆன்டி குனிந்து பார்த்து, கொய்யாப் பழம் ஒன்று பாதி கடித்துக் கிடப்பதையும், அங்கிருந்து மேல்பக்கமாகப் போகும் சின்னக் காலடித்தடத்தையும் காட்டினாள்.

"மேல் வளைவுல தாண்டி அந்தக் கரைக்குப் போயிருக்கா. பள்ளம் அங்கேதான் ஆழமில்ல. இப்ப எங்கே நிக்கிறாளோ."

எல்லோரும் கத்துவதற்கு மூச்சை இழுத்தார்கள். இழுத்த மூச்சை வைத்துக்கொண்டு நின்றார்கள். என்னவென்று கத்துவது?

செவெரினோவால் பொறுக்க முடியவில்லை. "பசிலியா!" என்று கத்திவிட்டான். ரொம்பக் கீழே, கடற்கரையில், படகு கயிற்றை அறுத்துக்கொண்டு கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற மாலியே ஆன்டி தன்னை மறந்து, "லேயிலேஹுவா!" என்று அலறினாள். மழை வந்தது. ஆசையாகக் கூப்பிட்டால் மெல்ல வருகிற மழை, அலறிக் கூப்பிட்டதால் கொட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்தின் அடியில் தண்ணீர் உறுமத் தொடங்கியது.

"எதையும் கூப்பிடாதீங்க!" என்று இசிட்ரோ கையெடுத்துக் கும்பிட்டான். "தயவு செஞ்சு யாரும் எதையும் கூப்பிடாதீங்க."

எல்லோரும் அடங்கினார்கள். மழையும் தண்ணீரும் மட்டும் பேசின. அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு சின்னக் குரல் கேட்டதுபோல இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. பிள்ளை விளிம்பைவிட்டு விலகி நடக்கிறாளா, விளிம்பை நோக்கி நடக்கிறாளா, தெரியவில்லை. காத்தாயி மழையில் நின்று, கூப்பிட ஒரு வார்த்தையும் இல்லாத வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு பிள்ளையைக் கூப்பிட வழியில்லையென்றால் நாமாவது இருக்கிற இடத்தைச் சொல்லலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

"காத்தாயி!" என்று கத்தினாள். "நான் காத்தாயி! பிச்சை மக காத்தாயி! இங்க நிக்கிறேன்!"

அந்த ஊரில் அவள் பேரை முழுசாக யாரும் கேட்டதில்லை. மாலியேவுக்குக் காகாயி, செவெரினோவுக்கு, ஞானப்பிள்ளையின் தாய் என்ற முறையில், மாரே, மற்றவர்களுக்கு இசிட்ரோ பெண்டாட்டி. அது இவ்வளவு பெரிய பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கரையில் பெரணிச் செடி சலசலத்தது.

மாலியே ஆன்டி சட்டென்று புரிந்துகொண்டாள். ஆட்களைப் பள்ளத்தின் கரையோரமாக, கீழிருந்து மேல் வளைவுவரை இடம்விட்டு நிறுத்தினாள். "காகாயி, நீ வளைவுக்கு ஓடு. மத்தவங்க ஒருத்தர் அப்புறம் ஒருத்தரா உங்க பேரைச் சொல்லுங்க. அவ உங்க குரலுக்குப் பின்னாலேயே அந்தக் கரையோரமா மேலே நடந்து வரட்டும். சலசலப்பு விளிம்புகிட்ட கேட்டா நில்லுன்னு சொல்லுங்க."

கீழ்க்கோடியில் நின்ற செவெரினோ தொடங்கினான். "செவெரினோ திமயுகா! திமயுகான்னா அசைக்க முடியாதவன்! ஸ்பானியர்கள் ஊர் ஊராக் குடும்பப் பேர் பிரிச்சுக் கொடுத்தப்போ, எனக்கு ஏற்கெனவே இருக்குன்னு சொன்னவரோட கொள்ளுப்பேரன்! நான் இங்க அசையாம நிக்கிறேன், நீ மேல போ!" அவன் நிறுத்தியதும் மாலியே எடுத்தாள், கனவில் வந்த தன் நீளமான பேரைப் பாட்டுபோல இழுத்து: "மாலியே இ கே காய்! மாலியே இ கே காய்! நில்லு, இப்ப நட!" அவளுக்கு மேலே ஆ சேக், இருமிக்கொண்டே: "தான்! தான் ஹோக் செங்! எங்க தாத்தா தான், அவர் தாத்தாவும் தான், நானும் தான், இங்க வா!" அவருக்கும் மேலே இசிட்ரோ. இடையிடையே ஊர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் பேரை, அப்பன் பேரை, பாட்டன் பேரை, ரொம்ப நாளாக யாரும் சொல்லிக் கேட்காத பேர்களையெல்லாம், விளக்கேற்றி வைத்ததுபோல வரிசையாக அந்த வெள்ளையில் வைத்தார்கள். எதிர்க்கரையில் ஒரு சலசலப்பு ஒரு பேரிலிருந்து அடுத்த பேருக்கு மெல்ல ஏறிக்கொண்டே போனது.

வளைவில் தண்ணீர் முழங்கால் வரை ஓடியது. காத்தாயி இறங்கி, தட்டுத்தடுமாறி, அந்தக் கரையைத் தொட்டபோது, பெரணிச் செடியை விலக்கிக்கொண்டு பிள்ளை வந்து நின்றாள், மடி நிறையக் கொய்யாவோடு. காத்தாயி அவளை அள்ளியபோது எல்லாப் பழமும் தண்ணீரில் போனது.

"அம்மா, காத்தாயின்னா யாரு?"

"நான்தாண்டி."

"நீ அம்மான்னு நினைச்சேன்." பிள்ளை பல் கிட்டிக்க அதை யோசித்தாள். "எல்லாரும் பேர் சொன்னாங்க. நானும் என் பேரைச் சொல்லிக்கிட்டேதானே வந்தேன். யாருக்குமே கேக்கலையா?"

மழையில் மூடுபனி கரையத் தொடங்கியிருந்தது. இந்தக் கரையில் இசிட்ரோ கை நீட்டியபடி உறைந்து நின்றான்.

"என்ன பேர் சொன்ன?" என்றாள் காத்தாயி.

"லான்."

காத்தாயியும் இசிட்ரோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹொக்கியனில் லான் என்றால் நாம். பேர் சொல்லிக் கூப்பிட வழியில்லாததால் மூவரும் சேர்ந்திருக்கும்போது அவர்கள் பிள்ளையின் பக்கம் திரும்பி எப்போதும் அப்படித்தான் பேசியிருந்தார்கள்; லான் கீ, நாம போகலாம்; லான் சியா, நாம சாப்பிடலாம்; எழுப்பும்போது நாம, குளிப்பாட்டும்போது நாம, முள் குத்தினால் நாம பார்த்துக்கலாம். அது தன் பேர் என்று அவள் நினைத்திருக்கிறாள். நினைத்ததோடு இல்லாமல், ஒருநாளும் சந்தேகமில்லாமல் அதிலேயே குடியிருந்திருக்கிறாள்.

அன்றைக்கு மூடுபனி விலகி வெயில் வந்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையை உலர்த்தி, சாப்பாடு கொடுத்து, கடலைப் பார்த்தபடி ஆ சேக் கடை வாசலில் உட்காரவைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பொழுது சாயவேண்டும். எத்தனை பேர் அந்த நேரத்தில் போயிருக்கிறது! யாரும் அந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடத் துணியவில்லை.

"எங்க பாஷையில நாமங்கிறதுக்கு ரெண்டு சொல் உண்டு" என்று ஆ சேக் மெதுவாகத் தொடங்கினார், நேரத்தைக் கடத்துவதற்காக. "கேக்கிறவனையும் சேர்த்துச் சொன்னா லான். அவனை விட்டுட்டுச் சொன்னா வேற."

"எங்களுக்கும் ரெண்டு" என்றாள் காத்தாயி. "நாம, நாங்க."

"காகோவ், மாகோவ்" என்றாள் மாலியே.

"தாயோ, காமி" என்றான் செவெரினோ. "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே?"

"எங்க துரை பாஷையில கிடையாது" என்று காத்தாயி சொன்னாள். "உள்ள இருக்கோமா வெளிய இருக்கோமான்னு அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கணும்."

ஆ சேக் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "லான் லியோங்கோ" என்று முழுப்பேரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"இசிட்ரோ, உன் குடும்பப் பேர் என்னன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"லியோங்கோ. ஸ்பானியப் பேர்."

"ஸ்பானியமா! லியோங்-கோ! கோன்னா நம்ம பாஷையில என்னடா?"

"அண்ணன்" என்ற இசிட்ரோ, வாயைத் திறந்தபடியே இருந்தான். சின்ன வயதிலிருந்து பேராகவே கேட்டுப் பழகியதால், அதை ஒரு நாளும் அவன் சொல்லாகக் கேட்டதில்லை.

"உன் பாட்டனோ பூட்டனோ, லியோங்னு ஒருத்தர் மணிலாவுல கரையேறியிருக்கார். எல்லாரும் லியோங் அண்ணேன்னு கூப்பிட்டிருக்காங்க. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் அதையே குடும்பப் பேராக்கிட்டார். அங்க நிறையப் பேருக்கு அப்படித்தான். உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!" ஆ சேக்கின் கண் கலங்கியிருந்தது. "இப்ப உன் பொண்ணு பேரைச் சேர்த்துச் சொல்லு. லான் லியோங்-கோ. நம்ம லியோங் அண்ணன். எந்தக் கப்பல்ல வந்தானோ, எங்கே புதைச்சாங்களோ, அந்த மனுஷனை இவ்வளவு நாளைக்கப்புறம் ஒருத்தி நம்ம அண்ணன்னு கூப்பிடுறா."

இசிட்ரோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். செவெரினோ அவன் முதுகில் தட்டினான். அதற்குள் சூரியன் தண்ணீரில் இறங்கிவிட்டது. வழக்கமாகப் பேர் நழுவும்போது காற்று ஒரு நொடி நின்று வீசும், அன்றைக்கும் நின்றது, எல்லோரும் பாலத்தைப் பார்த்தார்கள், படகைப் பார்த்தார்கள், கடை வாசலில் இருந்த பேரில்லாத உப்புப் பீப்பாயைக்கூட ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்தார். காற்று மறுபடி வீசியது.

"கூப்பிட்டுப் பாரு" என்றாள் மாலியே. இசிட்ரோ தலையாட்டி மறுத்தான். "நீதான் கூப்பிடணும்" என்றாள் அவள்.

அவன் பிள்ளையின் பக்கம் குனிந்தான். "லான்."

பீப்பாய் அசையவில்லை. கடலில் எதுவும் திரும்பவில்லை. பாதித் தூக்கத்தில் இருந்த பிள்ளை, "என்னப்பா?" என்றாள்.

"தங்கிடுச்சு" என்று யாரோ ரகசியம்போலச் சொன்னார்கள்.

"அது எங்கே போகும்?" என்றார் ஆ சேக், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "போற இடத்துலயும் நாமதானே இருக்கோம்."

அதற்குப் பிறகு அடுத்த பள்ளத்தாக்குக்காரர்கள் பேரோடு வருவது தானாக நின்றுபோனது. படகும் பாலமும் மழையும் தங்கள் பேரை வைத்துக்கொண்டன. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

காத்தாயிக்குத்தான் கொஞ்ச நாள் வேலையே ஓடவில்லை. சோறு வைப்பாள், உலை கொதிப்பதற்குள் வாசலுக்கு வந்து கடற்கரையைப் பார்த்து, "லான்!" என்று கூப்பிடுவாள். பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து, "என்னம்மா?" என்பாள். "ஒண்ணுமில்ல, போ." அவள் போனதும் மறுபடி வந்து நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக, மேட்டில் கொய்யா மரங்களுக்கும் கேட்கும்படி, "லா...ன்!" பிள்ளை மறுபடி ஓடிவருவாள். "என்னம்மா?" "சும்மாதான்." துணி உலர்த்தும்போது, பாத்திரம் கழுவும்போது, மீன் அரியும்போது, காரணமில்லாமல், வாய் நிறைய. அக்கம்பக்கத்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மழைக்காலம் முடிகிறபோது ஒருநாள், சோறு உண்மையிலேயே ஆகிவிட்டிருந்தது. காத்தாயி வாசலில் நின்று கூப்பிட்டாள். கரையில் மற்றப் பிள்ளைகளோடு நண்டு துரத்திக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிள்ளை நிமிராமலே, "வர்றேம்மா!" என்று ஒரு சலிப்போடு கத்திவிட்டு, வராமல், அடுத்த நண்டின் பின்னால் ஓடினாள்.

காத்தாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்தில் நனைந்துகொண்டிருந்த மாலியே ஆன்டியைப் பார்த்தாள்.

"பாருங்க ஆன்டி" என்றாள், ஊருக்கே கேட்கும்படி. "தொண்டை கிழியக் கூப்பிடுறேன், வர்றாளா பாருங்க இந்தப் பொண்ணு!"